எங்க மொழி பேசுறவர்

“உன் பேரை எங்கேயாவது போட்டேனாடா?”

“பேர் எதுக்கு? லிஃப்ட் ரிப்பேர் பண்ற அப்பா, ஆபீஸ்ல டை கட்டின தம்பி. உனக்கு எத்தனை தம்பி இருக்காங்கக்கா?”

அக்கா லேப்டாப்பைப் பாதி மூடினாள். ஆய்வகத்தில் இருந்தவரை ரத்த மாதிரிகளில் பேரை எடுத்துவிட்டு எண் ஒட்டுவாள். மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும். வேலையை விட்டுப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுத வந்த பிறகும் கை மாறவில்லை. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றி இந்த நாட்டு மொழியில் எழுதியதிலும் தம்பியின் பேரை மட்டும்தான் எடுத்திருந்தாள்.

மற்றதெல்லாம் இருந்தது. அவன் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுபோய், அப்பா கதவருகே மண்டியிட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தது. “சாப்பிட்டியாப்பா?” என்று அவர் அவனைக் கேட்டது. படியேறும்போது கூட வந்த ஆபீஸ்காரர்கள் அவர் யாரென்று விசாரிக்க, “யாரோ, எங்க மொழி பேசுறவர்” என்று அவன் சொன்னது.

இதை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான், இதே சமையலறைத் தரையில் உட்கார்ந்து. வெங்காயம் உரித்துக்கொண்டே அவள் ‘உம்’ கொட்டினாள். நடுவில் அவன் மூக்கை உறிஞ்சியதுகூடக் கட்டுரையில் விட்டுப்போகவில்லை. ஆறுதலாகக் கேட்கிறாள் என்றல்லவா அன்று நினைத்தான்.

“அப்பாவுக்குதான் இந்த ஊர் மொழி படிக்க வராதே.”

“போனை எழுத்து மேல காட்டினா தமிழ்ல மாத்திக் காட்டுது. ஊருக்கே தெரியும், விஞ்ஞானிக்குத் தெரியல.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. எங்க ஆபீஸ் லிஃப்டை வேற ஆளுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லிட்டாராம். அம்மாதான் சொன்னாங்க. இத்தனை நாளா, பையன் ஏதோ அவசரத்துல கவனிக்காம போயிட்டான்னு சொல்லிட்டு இருந்தவரு.”

அக்கா லேப்டாப்பை முழுவதும் மூடினாள். பிறகு, “உன்மேல பாசமாதான்டா எழுதினேன்” என்றாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்ப?”

“அப்ப தெரிஞ்சேதான் எழுதியிருக்க.”

மேலதிகாரி ஆய்வு முடிவில் ஒரே ஒரு எண்ணை மாற்றச் சொன்னதற்காக ஆய்வகத்தையே உதறிவிட்டு வந்தவள் அக்கா. எங்க அக்கா பொய் எழுதமாட்டா என்று அவனே எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறான். எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்துவைத்தபடி நின்றான்.

“வாக்கா, அப்பாகிட்ட போவோம். படியில நான் சொன்னது மட்டும் நீயா ஜோடிச்சு எழுதினதுன்னு சொல்லிடு.”