ஈரச் சாக்கின் எடை

மெக்கானிக் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். காலையில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிலிண்டரில் சுற்றிய சாக்கு இப்போது மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. தராசு ஒன்பது கிலோ எழுநூறு என்று காட்டியது. தராசு பொய் சொல்கிறது என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

எட்டு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. பன்னிரண்டு பழைய ஏ.சி. மெஷின்களை இன்று கழற்ற வேண்டும். நாளைக்குப் புதியவை வருகின்றன. வேறு மெக்கானிக் என்றால் பைப்பை வெட்டி, உள்ளே இருக்கும் கேஸை வானத்துக்குத் திறந்துவிட்டு மதியத்துக்குள் வீட்டுக்குப் போயிருப்பார். இவரும் இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் செய்தார். போன வருஷம் ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனது வினையாகப் போயிற்று. இந்தக் கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமமாகப் பூமி சூடாகும் என்று பாடம் நடத்திய பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். வெயில் தாங்காமல் ஜனங்கள் ஏ.சி. வாங்க, ஏ.சி.யிலிருந்து போன கேஸே வெயிலைக் கூட்ட, நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பிழைத்தவர் இவர். இதுவரை திறந்துவிட்டது எவ்வளவு இருக்கும் என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பயந்துபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில்தான் பிடிப்பேன் என்று ஒரே பிடிவாதம். தொழிலில் இருப்பவர்கள் இவருக்கு ‘காத்துப் பிடிக்கிறவர்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பிடிப்பதிலும் ஒரு ஆபத்து உண்டு. சிலிண்டரை முழுக்க நிரப்பக் கூடாது. சூட்டில் உள்ளே இருப்பது விரியும், விரிய இடம் இல்லாவிட்டால் வெடிக்கும். இந்தச் சிலிண்டருக்குப் பத்து கிலோதான் எல்லை. அதனால்தான் தராசின் மேலேயே வைத்து நிரப்புவது. காலையில் சிலிண்டர் சூடாகாமலிருக்க ஈரச் சாக்கைச் சுற்றி, சாக்கோடு சேர்த்துத் தராசைச் சைபரில் வைத்தார். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார் வேறு. சாக்கிலிருந்த தண்ணீர் பூராவும் வெயில் குடித்துவிட்டது. குடித்த தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவு கேஸ் தராசுக்குத் தெரியாமல் உள்ளே கூடுதலாக ஏறியிருக்கிறது. ஒரு கிலோவா, இரண்டா? நடுவில் சாக்கை நனைக்கும்படி உதவிக்கு வந்தவனிடம் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்து சொன்னாரா, மனசுக்குள் சொல்லிக்கொண்டாரா என்பதுதான் ஞாபகம் இல்லை.

அழுத்தம் கூடினால் தானாகத் திறந்துகொள்ளும் வால்வு ஒன்று சிலிண்டரின் கழுத்தில் உண்டு. அவருடைய தங்கை கணவன், கூட வேலை பார்ப்பவன், போன வாரம் சிலிண்டருக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது அதன் மேலும் சிரத்தையாக இரண்டு கோட்டிங் அடித்து வைத்திருந்தான். இனி அது திறக்குமா என்பது சந்தேகம்தான்.

“மாப்ளே, அங்கேயே நில்லு. கிட்ட வராதே.”

“என்னாச்சு மச்சான்?”

சொன்னார். மாப்பிள்ளையின் முகம் வெளிறியது.

“திறந்து விட்டுத் தொலைங்க மச்சான்! ஒரு நிமிஷ வேலை. யாரு பார்க்கப் போறா?”

மெக்கானிக்கின் கை, கையால் திறக்கும் வால்வுக்குப் போனது. சட்டென்று தங்கையின் முகம் வந்தது. மாப்பிள்ளை சொல்வது நியாயம்தான், உயிரை விடப் பெரிதாக என்ன இருக்கிறது? ஆனால் காலையிலிருந்து மண்டை வெடிக்கும் வெயிலில் பிடித்தது. இப்போது திறந்தால், இத்தனை நாள் கேலி செய்தவர்கள் சொன்னதுதான் சரி என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வால்வோடு மாட்டியிருந்த அழுத்த மீட்டரைப் பார்த்தார். சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே முள் நின்றது.

“முள்ளு சிவப்பைத் தொட்டா உடனே திறந்துடறேன். அதுவரைக்கும் விடு. நீ கீழே போய்த் தண்ணி கொண்டா. டேங்க் தண்ணி ஆகாது, கொதிக்குது.”

பன்னிரண்டாவது மெஷினின் பைப்பை இன்னும் வெட்டவில்லை. கடைசி மாடிக்காரம்மாவின் ஹாலில் ஓடிய பெரிய மெஷின் அது. இரண்டு கிலோ வரை கொள்ளும். இப்போதுதான் சுத்தமாக உறிஞ்சி எடுத்திருந்ததால் உள்ளே காலி. எடுத்ததை எடுத்த இடத்துக்கே கொஞ்சம் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். ஹோஸை மாட்டப் பார்த்தார். மரை இரண்டு முறை நழுவியது. முள் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

மாப்பிள்ளை மூச்சு வாங்க ஓடி வந்தான். பின்னாலேயே அந்தம்மாவும் வந்தார். மத்தியானம் மெஷினை நிறுத்தியபோது, இதயத்தில் ஆபரேஷன் ஆகி வந்த வீட்டுக்காரர் உள்ளே படுத்திருக்கிறார், இன்று ஒரு ராத்திரி விட்டு வையுங்கள் என்று கெஞ்சியவர். முடியாது என்றதும் வாய்க்கு வந்தபடி திட்டியவரும் அவர்தான். இப்போது இருவர் கையிலும் பிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்கள் இருந்தன.

“அவருக்குத் துணி நனைச்சுப் போட வச்சிருந்தேன். இவ்வளவுதான் இருக்கு, ஊத்துங்க” என்றார் அந்தம்மா.

மாப்பிள்ளையை எட்ட நிறுத்திவிட்டு மெக்கானிக்கே ஊற்றினார். பிறகு வால்வைத் திறந்தார். ஹோஸ் ஒரு தடவை துடித்தது. முள் சிவப்பின் ஓரத்தில் நின்று, இறங்குவதா ஏறுவதா என்று யோசித்தது. கடைசி பாட்டிலும் காலியானபோது முள் மனசு வைத்து இறங்க ஆரம்பித்தது.

சாக்கை உரித்துப் போட்டு, சிலிண்டரைத் துடைத்து நிறுத்துப் பார்த்தார்கள். அதன் சொந்த எடை போக ஒன்பதரை கிலோ இருந்தது. மெக்கானிக் வால்வுகளை மூடி, சிலிண்டரைப் படிக்கட்டு நிழலுக்கு நகர்த்திவிட்டு வந்தார்.

“அப்போ இந்த மெஷின் இன்னிக்கு ராத்திரி ஓடுமா?” என்று அந்தம்மா கேட்டார்.

மெக்கானிக் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். ஆறு வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் இதே மெஷினுக்குக் கேஸ் போட்டவர் அவர்தான். எங்கே கசிகிறது என்று ஒரு தடவைகூடத் தேடியதில்லை. தேடினால் அரை நாள் போய்விடும், போட்டால் அரை மணி நேரம். “நீங்க வந்து போனாத்தான் ஜில்லுனு இருக்கு” என்று இந்தம்மா வருஷா வருஷம் கையெடுத்துக் கும்பிடுவார். மெக்கானிக்குக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“ஓடும்மா. ஆனா இதுல ஓட்டை இருக்கு. எனக்கு அப்பவே தெரியும். பார்க்காம விட்டுட்டேன். அதை அடைக்காம ஓட்டினா, இவ்வளவு பாடுபட்டது வீண்.”

“அப்போ அடைச்சுடுங்க” என்றார் அந்தம்மா. திட்டவில்லை.

மாப்பிள்ளை சோப்பைக் கரைத்துக் கொண்டுவந்தான். மெக்கானிக் பிரஷ்ஷால் பைப்பின் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைப் பூசிக்கொண்டே போனார். முதலில் ஒன்றும் இல்லை. நான்காவது இணைப்பில், பித்தளை நட்டின் அடியில், நுரை மெல்ல ஊதி ஒரு குமிழாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது. அவர் இரண்டு ஸ்பேனர்களைப் பிடித்து நட்டைக் கால் சுற்று முறுக்கினார். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் பைப் விண்டுபோகும்.

பழைய நுரையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். கீழே திறந்திருந்த ஜன்னல் வழியாக அந்த வீட்டுக்காரர் இருமுவது கேட்டது. மூன்று பேரும் நட்டின் மேல் குனிந்தார்கள். வெயிலில் நுரை ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. நடுவில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. தன் நிழல் அதன் மேல் விழும்படி நகர்ந்து உட்கார்ந்து, இன்னொரு குமிழ் எழுகிறதா என்று கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் மெக்கானிக்.