சிவப்பு வட்டத்தில் வீசிய வலை

அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வலை எங்கே போட்டாய் என்று யார் கேட்டாலும் எதிர்க்கரையைக் காட்டுவார்கள். மொட்டைப்பாறையில் பிடித்தால் பனைமர ஓரம் என்பார்கள். கூடப் பிறந்தவன் கேட்டாலும் அதே பதில்தான். கேட்கிறவனும் மீனவன் என்பதால் நம்பமாட்டான்.

பேராசிரியர் பரமசிவம் மீனவர் இல்லை. மீனவர், அரசு விஞ்ஞானி, பல்கலைக்கழகம் மூவரும் சேர்ந்து செய்யும் கூட்டாய்வு ஒன்றைக் கிருஷ்ணகிரியில் குத்துவிளக்கேற்றித் தொடங்கினார். மூவரும் சமம் என்று நாற்பது நிமிடம் பேசினார். சமமானவர்களில் இருவருக்கு நாற்காலி போட்டிருந்தது.

நாற்காலி கிடைக்காத சமம் மேரிராணி. கணவர் வேலைக்காகப் போச்சம்பள்ளி ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிய நாளிலிருந்து பரிசலும் வலையும் அவளுடையவை. மீனவர் சங்க அட்டை மட்டும் இன்னும் அவர் பெயரில். மாற்றித் தரச் சொன்னபோது சங்கச் செயலாளர் அழகர்சாமி, பொம்பளை மீன் பிடிக்கிறாள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் அட்டையின் காலம் முடிந்தால் அவள் அணையில் இறங்க முடியாது. ஆய்வுப் புத்தகத்தில் உங்கள் பெயரும் வரும் என்று அரசு விஞ்ஞானி ஆனந்த் சொன்னதும் அவள் ஆய்வில் சேர ஒப்புக்கொண்டது அதனால்தான்.

பதினான்கு மாதம் படிவம் நிரப்பினாள். கட்லா எத்தனை, ஜிலேபிக் கெண்டை எத்தனை, எடை, நீளம் எல்லாம் நிஜம். இடம் என்ற கட்டத்தில் மட்டும் கை தானாக எதிர்க்கரையை எழுதியது. நிஜமான இடங்கள் அவளுடைய கோடு போட்ட நோட்டில் இருந்தன.

அச்சுக்குப் போகும் முன் ஆனந்த் பிரதியைக் காட்ட வந்தபோது மனசு உறுத்தியது. கொடுத்துவிடலாம் என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் பக்கங்களைப் புரட்டினாள். பேராசிரியரின் கார் டிரைவருக்கு நன்றி இருந்தது, பெயரோடு. அவள் பெயர் எங்கும் இல்லை. படம் இருந்தது: பேராசிரியர் ஒரு கட்லாவைப் பார்த்துச் சிரிக்கிறார், அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் வளையல் கை அவளுடையது. முழங்கையோடு வெட்டிவிட்டார்கள்.

ஆனந்த் தலையைச் சொறிந்தார். தான் சொல்லிப் பார்த்ததாகவும், ஆய்வின் தரம் குறையும் என்று பேராசிரியர் மறுத்துவிட்டதாகவும் இழுத்தார்.

மேரிராணி பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். நோட்டு மடியிலேயே இருந்தது.

"நல்லா வந்திருக்குது சார். அப்படியே அச்சடிங்க."

மூன்று வாரம் கழித்து அணைக்கரையில் வெளியீடு. சென்னையிலிருந்து ஓர் உயரதிகாரி அம்மா வந்திருந்தார். வரைபடத்தில் பனைமர ஓரத்தைச் சுற்றிப் பெரிய சிவப்பு வட்டம்: மீன்வளம் மிகுந்த பகுதி. தரவு பொய் சொல்லாது, வேண்டுமானால் இப்போதே வலை வீசிப் பார்க்கலாம் என்றார் பேராசிரியர். பரிசல் ஓட்ட மேரிராணியையே கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் அவள் விட்டுக்கொடுத்திருக்க மாட்டாள்.

முதல் வீச்சில் பாசி வந்தது. இரண்டாவதில் கம்பெனி ஷூ ஒன்று. மூன்றாவதில் அதன் ஜோடி.

இந்த இடத்தை யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். பேராசிரியரின் விரல் உடனே நீண்டது.

"இந்தம்மாதான் மேடம். மேரிராணி. எல்லாத் தகவலும் இவங்க குடுத்ததுதான்."

பதினான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுவே முதல் முறை. தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறார்.

மேரிராணி துடுப்பை மடியில் வைத்தாள்.

"எம் பேரு அந்த புக்குல எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு கொஞ்சம் காட்டுங்க சார்."

அதிகாரி முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். பிறகு ஒரு பக்கத்துக்குத் திரும்பி வந்து சத்தமாக வாசித்தார்: 'இத்தரவுகள் யாவும் முனைவர் பரமசிவம் அவர்களால் களத்தில் நேரடியாகத் திரட்டப்பட்டவை.'

பரிசல் மெல்லச் சுற்றியது. கோபித்துக்கொண்டு இறங்கிப் போகப் பேராசிரியருக்கு ஆழத் தண்ணீரில் வழியில்லை. கரை சேர அவளுக்கும் அவசரம் இல்லை.

மறுவாரம் ஆனந்த் தனியாக வந்தார். புத்தகத்தை நிறுத்திவிட்டுச் சென்னையிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள், அவரிடமும் சேர்த்து. நிஜமான விவரம் ஏதாவது இருக்குமா என்று கெஞ்சினார். பாவமாகத்தான் இருந்தது, அன்று அவர் தலையைச் சொறிந்ததும் ஞாபகம் வந்தது.

"இருக்குது சார். சங்கத்துல எம் பேர்ல அட்டை வாங்கிக்கினு வாங்க, தரேன். புது புக்குல மொதப் பக்கத்துல எம் பேரு இருக்கணும். போட்டோவும், மூஞ்சியோட."

ஆனந்த் சரியென்றார். கிளம்பும்போது கூடையில் துள்ளிய கட்லாவைப் பார்த்து, இன்று எங்கே பிடித்தது என்று சும்மா கேட்டுவைத்தார்.

மேரிராணி எதிர்க்கரையைக் காட்டினாள்.