மொட்டைமாடிப் பெட்டி

மழை அளக்கும் கருவிகளைப் பழுதுபார்க்க மலைக்குப் போன தம்பி இறங்கி வரவில்லை. தேடும் குழு போனது, சரிவில் அவன் தொப்பியைக் கண்டது, அதோடு சரி. மேலே செல்போன் எடுக்காது. அவன் இடுப்பில் இருந்தது ஒரு குட்டி ரேடியோ. ஒரு பெட்டி சொன்னதை அடுத்த பெட்டி வாங்கி அதற்கடுத்ததற்குத் தள்ளிவிடும் வகை. பேச்செல்லாம் கிடையாது, நாலு வார்த்தைச் செய்திதான். போய்ச் சேர்ந்தால் அனுப்பியவர் திரையில் ஒரு டிக் விழும். வீட்டிலிருந்து அந்த மலைக்கு எட்டவில்லை.

அக்காவால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவள். பேட்டரி அக்கா என்றால்தான் தெருவில் தெரியும். கடையை இழுத்துச் சாத்திவிட்டு, தொலைவில் முனகினாலும் கேட்கிற மாதிரி மொட்டைமாடியில் ஒரு நிலையம் கட்டினாள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரும்புக் குழாய், உச்சியில் ஆள் உயர ஆன்டெனா, கீழே மழை புகாத பெட்டிக்குள் ரேடியோ, பக்கத்தில் சோலார் பலகை. செட்டிங்ஸை ஒவ்வொன்றாகப் போடப் பொறுமை ஏது? தம்பி தன் ரேடியோவுக்கென்று லேப்டாப்பில் சேமித்து வைத்திருந்ததை அப்படியே இறக்கினாள்.

தம்பியுடையதைப் போலவே வீட்டிலும் ஒரு கைக்கருவி இருந்தது. கீழே கூடத்தில் தம்பி மனைவி அதில் 'எங்க இருக்கீங்க' என்று தட்டி அனுப்பினாள். டிக் விழுந்தது.

"அண்ணி, போயிடுச்சு. அவர்கிட்ட போயிடுச்சு."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடிவாரத்தில் இருந்த தேடும் குழுத் தலைவரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் மறுபடி ஏறினார்கள்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் எப்போது அனுப்பினாலும் டிக். 'பசிக்குதா?' டிக். 'குளிருதா?' டிக். தம்பி மனைவி திரையைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அதைக் கண்ட அக்கா டிக் விழும் நேரத்தை எண்ண ஆரம்பித்தாள். மலையிலிருந்து பல பெட்டி தாண்டி வரவேண்டிய டிக் இவ்வளவு சுருக்காகவா வரும்? தட்டுவதற்குள் திறக்க, கதவுக்குப் பின்னால் யாரோ காத்து நிற்கிற மாதிரி இருந்தது.

கருவியை வாங்கி டிக்கை அழுத்திப் பார்த்தாள். இடையில் எத்தனை பெட்டி என்று காட்டும் இடத்தில் பூஜ்யம்.

செட்டிங்ஸோடு தம்பியின் அடையாள எண்ணையும் சேர்த்தல்லவா இறக்கியிருக்கிறாள். இத்தனை நாளும் அவன் பெயரில் ஆமாம் போட்டது தலைக்கு மேலிருந்த பெட்டி. வேறு யாராவது செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பாள்.

மலையில் மண் சரிந்துகொண்டிருந்தது. தேடப் போனவர்களில் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. மறைக்க மனம் வரவில்லை; தலைவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"பரவாயில்லம்மா," என்றார் அவர். "எல்லாரையும் இறக்கிடறேன். எப்படியும் அவர் கருவியில பேட்டரி எப்பவோ தீர்ந்திருக்கும்."

அது பேட்டரி அக்காவுக்குத் தெரியாதா?

தம்பி மனைவியிடமும் சொன்னாள். அவள் அழவில்லை. "பெட்டியைச் சரி பண்ணிடுங்க அண்ணி. அவர் பேரு அதுல இருக்க வேண்டாம்."

மாலையில் அக்கா மேலே ஏறி எல்லாவற்றையும் அழித்துப் புது எண், புதுப் பெயர் போட்டாள். இறங்கி வந்து, சரிபார்க்க அவளே தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். 'மன்னிச்சுக்கடா.' டிக் விழக் கூடாது. விழவில்லை. ஒரு பாரம் இறங்கி, உடனே வேறொன்று ஏறி உட்கார்ந்தது. கருவியை மேசையில் வைக்கப் போனாள்.

டிக்.

அழுத்திப் பார்த்தாள். இடையில் மூன்று பெட்டி. கடைசிப் பெட்டி, மலையடிவாரத்தில் தம்பியே மாட்டியது. மறுபடி அனுப்பினாள். தூரத்திலிருந்து வருவது வருகிற நிதானத்தில் மறுபடியும் விழுந்தது.

தீர்ந்துபோன பேட்டரியில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தலைவரைக் கூப்பிட்டாள். போனில் வேன் ஓடும் சத்தம் கேட்டது.

"ஐயா, டிக் வந்திருக்கு. இது என் பெட்டி இல்ல. மலையிலதான்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ வேன் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

"அன்னிக்கும் இப்படித்தாம்மா சொன்னீங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். "போய்க் கொஞ்சம் படுங்க."

வேன் கியர் மாறியது. இணைப்பு அறுந்தது.