கிணற்றில் ஊறிய கச்சா எண்ணெய்

சானமாவு ஊருக்குப் பக்கத்தில் சென்னம்மாவின் கிணற்றில் தண்ணீர் வருவது நின்று கச்சா எண்ணெய் ஊறத் தொடங்கியது 1987 சித்திரையில். ஓசூர் சந்தையில் தக்காளியைச் சீந்த ஆளில்லாத அதே வாரம்தான். கிணறு அவளுக்கும், செத்துப்போன புருசனின் தம்பி திம்மராயனுக்கும் பொது. ஒருநாள் அவள் முறை, மறுநாள் அவன் முறை. திம்மராயன் சிப்காட் தொழிற்பேட்டையில் காஸ்டிக் சோடா மூட்டை கட்டும் கம்பெனியில் இருந்தான். அந்தச் சோடாவைக் கரைத்து வடக்கே எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறக்குவார்களாம்; பாறையை விடாமல் பிடித்திருக்கும் கெட்டி எண்ணெய் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே வந்துவிடுமாம். சூப்பர்வைசர் சொன்னது. எண்ணெயே வரும்போது தண்ணீர் வர என்ன கேடு என்று திம்மராயன் கணக்குப் போட்டான். கோடை பிறந்தால் ஊற்றுக்கண்ணைக் கடப்பாரையால் குத்திவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த மகராசனுக்கு அதற்கு உடம்பு வணங்கவில்லை. தன் முறை நாளில், கம்பெனியிலிருந்து கமுக்கமாகக் கொண்டுவந்த சோடாவை ஊற்றுக்கண்ணில் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

மறுநாள் சென்னம்மா இன்ஜினைப் போட்டபோது கறுப்பாகக் கொழகொழவென்று வந்தது. அவள் முறையில் வந்ததால் பழியும் அவளுக்கே. இன்ஜின் டீசலைக் கிணற்றில் கவிழ்த்துவிட்டாள் என்றது ஊர். பார்க்க வந்த அதிகாரி முகர்ந்துவிட்டு, மட்ட ரகம் என்று சொல்லிப் போனார். ஊர்க்கூட்டத்தில் திம்மராயனைக் கேட்டபோது, அண்ணிக்குக் கவனம் போதாது என்று வேறு சொன்னான், வெட்கங்கெட்டவன். அவள் மல்பெரி கருகியது. தழையில்லாமல் பட்டுப்புழு அத்தனையும் செத்தது. அவள் கிரானைட் கம்பெனிக்குக் கூலிக்குப் போனாள்.

கூட்டம் கலைந்த சாயந்திரமே திம்மராயனின் உள்ளங்கையில் எண்ணெய் ஊறியது. எந்தச் சோப்புக்கும் போகவில்லை. அண்ணியைப் பார்த்துவிட்டால் முழங்கை வரை வழியும். பஸ்ஸில் கண்டக்டர் கௌஸ் பாஷா டிக்கெட்டை அவன் சட்டைப்பையில் செருகிவிட்டு நகர்ந்துவிடுவார். வருஷங்கள் இப்படியே போயின. கடைசியில் அவமானம் தாங்காமல் ஒருநாள் அண்ணி வாசலில் போய் நின்றான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் திம்மராயா. உன் கையப் பார்த்தேனே. நீயா வாயால சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன். இப்பவாச்சும் ஊருக்குச் சொல்லு" என்றாள்.

கூனிக்குறுகித் திரும்பி நடந்தான்.

அவள் மகள் முனிலட்சுமிக்குக் கல்யாணமானது 1994இல். பந்தியில் எல்லோருக்கும் பாய். அவனுக்கு மட்டும் சென்னம்மாவே கோணிப்பை விரித்து, இலை போட்டாள். ஊரே உட்கார்ந்திருந்தது. அப்போதும் அவன் சொல்லவில்லை. பிசையப் பிசையச் சோறு கறுத்தது. தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அண்ணி வந்து இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் பிசைந்து சாப்பிட்டான்.