பன்றிக்கறிக்கு உப்புப் பார்த்த நாள்

ஆண்டனி திண்டுக்கல்காரர். நான் இந்தத் தெலுங்கு ஊர் மல்காஜ்கிரியிலேயே பிறந்து வளர்ந்த கனகவல்லி. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன்: சர்ச்சுக்குப் போங்க, நக்கோ, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். பன்றிக்கறி மட்டும் என் அடுப்புல ஏறக்கூடாது. மனுஷன் இருபத்துநாலு வருஷமா மீறலை. ஞாயித்துக்கிழமை பக்கத்துல அல்வால்ல தன் தங்கச்சி வீட்டுல சாப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு வருவார்.

அந்த அடுப்புல இன்னைக்கு நானே பன்றிக்கறி வச்சேன். வேற வழி? அவருக்குத் தொண்டையில கட்டின்னு ஆஸ்பத்திரியில முப்பது நாள் கரண்ட், அதான் ரேடியேஷன், வச்சதுல நாக்குல ருசியே செத்துப் போச்சு. எது கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்குன்னு தள்ளிவிடுறார். ஐம்பத்திரண்டு கிலோ. வியாழக்கிழமைக்குள்ள இன்னும் இறங்கினா மூக்கு வழியா டியூப்னு டாக்டர் சொல்லிட்டார். என்னதான் வேணும் உங்களுக்குன்னு கத்தினேன். "பன்னிக்கறி"ன்னார், பயந்துகிட்டே.

பொண்ணு ஹர்ஷிதா போன்ல டாக்கோ வீடியோ காட்டினாள். மெக்சிகோக்காரங்க கறியை மணிக்கணக்கா வேகவச்சு, நாருநாராப் பிச்சு, ரொட்டியில மடிச்சுத் தர்றாங்க. மென்னு முழுங்க முடியாதவருக்கு அதுதான் சரின்னு பட்டது. "நாலுகு கண்டலு சிம்லோ பெட்டும்மா"ன்னாள். சரிடி, நாலு மணி நேரம்தானே! அவங்க மக்காச்சோள ரொட்டிக்குப் பதிலா நம்ம ஜொன்ன ரொட்டெ, வெள்ளைச்சோள ரொட்டி. கறிக்குச் சின்ன வெங்காயம், சீரகம், இஞ்சி. மிளகாய் கிடையாது, வாய்ப்புண் இப்பத்தான் ஆறுது.

மூக்கைப் பொத்திக்கிட்டுக் கழுவி, கைக்கணக்குல உப்புப் போட்டு, அடுப்பைச் சிம்ல வச்சேன். ரெண்டு மணி நேரத்துல வீடே வாசமா இருந்துச்சு. நான் அதை ஒத்துக்குவேனா?

குளிச்சுட்டு வந்து பார்த்தா உப்பு ஜாடி திறந்து கிடக்கு.

"உப்புப் போட்டீங்களா?"

"ருசி பார்த்தேன் கனகா. உப்பே இல்லைன்னு தோணுச்சு. ஒரு கை போட்டேன்."

"அய்யோ! உங்க நாக்குக்கு எதுலதான் உப்பு இருந்திருக்கு, ரெண்டு மாசமா?"

மனுஷன் தலையைக் குனிஞ்சுட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. உப்பு அவருக்குத் தெரியாது, எரிச்சல் நல்லாத் தெரியும். முதல் வாயிலேயே எரிஞ்சா அப்புறம் எதையும் தொடமாட்டார். ஹர்ஷிதாவைப் பார்த்தேன். அவள் முட்டைக்கு மேல போகமாட்டாள். பின்னாடி நகர்ந்துக்கிட்டாள்.

கரண்டியில ஒரு துணுக்கு எடுத்தேன். கண்ணை மூடிக்கிட்டு வாயில போட்டேன். கடல் தண்ணி! குழம்பை மொத்தமா வடிச்சுக் கொட்டினேன். வெந்நீர் ஊத்தி மறுபடி கொதிக்கவிட்டு, திரும்ப எடுத்து வாயில போட்டேன். இன்னும் கரிப்பு. அதையும் வடிச்சேன். தேங்காய்ப்பால் ஊத்தினேன். நாலாவது தடவை சரியா இருந்தது. நாலு தடவையும் துப்பாம முழுங்கினேன், அதையும் சொல்லணுமில்ல?

சுடச்சுட ரொட்டியைக் கறிச்சாறுல நனைச்சு, கறி வச்சு, வெள்ளரித் தயிர் விட்டு, மடிச்சுக் கையில கொடுத்தேன். ஒரு கடி கடிச்சார். மென்னார். நடுவுல நிறுத்திட்டார்.

"எரியுதா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமே தெரியலை கனகா. வெறும் பஞ்சு." கண்ணுல தண்ணி நின்னது. தட்டைத் தள்ளினார். "நீதான் சாப்பிட்டியே. எப்படி இருக்கு, சொல்லேன்."

என்னத்தைச் சொல்றது? முழுங்கினேனே தவிர, ருசிச்சேனா? இன்னொரு ரொட்டி எடுத்து, கறி வச்சு, அவர் பக்கத்துல உட்கார்ந்து கடிச்சேன். இந்தத் தடவை கண்ணை மூடலை.

"கொழுப்பு இருக்கில்ல, அது நாக்குல பட்டதும் கரையுது"ன்னு சொன்னேன். "ஆட்டுக்கறி மாதிரி இல்லை, இனிப்பா இருக்கு. வெங்காயத்தோட இனிப்பு வேற, இது வேற. சீரகம் பின்னாடி மெதுவா வருது. தயிர் குளிர்ச்சியா…"

"ம்."

தட்டு அவர் பக்கம் நகர்ந்தது. நான் சொல்லச் சொல்ல மென்னார்.

"ம், சொல்லு. இஞ்சி?"

"இருங்க"ன்னு இன்னொரு கடி கடிச்சேன்.