ஒரு ஜெல் வில்லையும் நான் கொல்லாத கணவனும்

1

மறைப்பானேன், இந்தக் கதை ஒரு கொலைக்காகத்தான் பிறந்தது. சர்க்கரை ஏறினால் உப்பி நிறம் மாறுகிற ஜெல் ஒன்று இருப்பதாக ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவர் சொன்னார். 'அது பொய் சொன்னால்?' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாராவாரம் தொடர்கதையில் ஆளைக் கொன்றே பிழைத்தவன் புத்தி வேறெங்கே போகும்?

அந்த அறையில் ரத்த வாடை

(இந்த வரி வேண்டாம். ஆரஞ்சு வாடைதான் அடிக்கிறது. காரணம் பிறகு.)

2

மனைவி ஜெல் தயாரிக்கும் ஆய்வாளர். கணவன் லிஃப்ட் மெக்கானிக். சிறு வயதிலேயே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. சோதனைக்காகக் குத்திக் குத்தி விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அந்த விரல்களுக்காகத்தான் அவள் இந்த வேலையில் இறங்கினாள். (அவள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே இதை எழுதும்போதுதான் தெரிந்தது.)

விடுமுறை நாள், சமையலறை. சட்டைப் பொத்தான் அளவு ஜெல் வில்லையை அவன் மணிக்கட்டில் ஒட்டினாள். அடியில் மயிரிழை போன்ற ஊசிகள். மேல்மூடி இன்னும் தயாராகவில்லை.

"நீலம்னா சரியா இருக்கு. சிவப்புன்னா ஏறிடுச்சு."

"லிஃப்ட்ல ஓவர்லோடு லைட் எரியுமே, அதானே? யாராவது ஒரு குண்டன் இறங்கணும்."

"குண்டன் நீதான். ஆடாம உக்காரு."

"அந்த சுகர் மெஷினை உள்ள வை. இன்னிக்கு விரலைக் குத்த மாட்டேன். உன் ஜெல் சொல்றதுதான் வேதவாக்கு."

"அப்படில்லாம் நம்பக் கூடாது. லேப்ல தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாங்க."

"லேப்ல யாரு சொல்லப்போறா? வை."

சிரித்துக்கொண்டே மெஷினை அலமாரியில் வைத்தாள். (இங்கே நான் அவளைத் தடுத்திருக்கலாம். தொடர்கதைக்காரன் தடுப்பானா?)

3

சாயங்காலம் வில்லை சிவந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இன்சுலின் ஊசிப் பேனாவோடு ஓடி வந்தாள்.

"வேலை செய்யுது, பாரு. ஏறியிருக்கு. போட்டுடவா?"

அவனுக்கு நெற்றி வேர்த்திருந்தது. மேஜைக்கு அடியில் கை நடுங்கியது. சர்க்கரை இறங்கும்போது வருகிற நடுக்கம் அது, அவனுக்குப் பழக்கம்தான். இந்த நேரத்தில் இன்சுலின் போனால் மயக்கம், அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் ஜெல் தப்பு என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது?

"போடு" என்றான்.

(இவனை நான் நம்பவில்லை. மனைவி முகம் வாடக் கூடாதென்று உயிரைப் பணயம் வைப்பானா? அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். சர்க்கரை இறங்கினால் புத்தியும் கொஞ்சம் மங்குமாம். மீதிக்குக் காரணம் கேட்காதீர்கள்.)

4

முதல் முடிவு: ஊசி இறங்குகிறது. அவன் நாற்காலியிலிருந்து

(முடிக்க மாட்டேன்.)

இரண்டாம் முடிவு: கதவு தட்டப்படுகிறது. பக்கத்து வீட்டு டாக்டர்

(என் கதைகளில் எப்போதும் பக்கத்து வீட்டில் ஒரு டாக்டர் இருப்பார். வெட்கமாக இருக்கிறது.)

நான் இப்படித் திண்டாடிக்கொண்டிருந்தபோது அவளே முந்திக்கொண்டாள். ஊசி போடக் குனிந்தவள் மூக்கில் ஆரஞ்சு வாடை. அவன் மணிக்கட்டைத் தூக்கி, வில்லையின் ஓரத்தில் நாக்கு நுனியை வைத்தாள். இனித்தது.

"பழம் உரிச்சியா?"

"உனக்குத்தான். தட்டுல இருக்கு. நார்கூட எடுத்துட்டேன்."

மூடியில்லாத ஜெல்லில் சாறு இறங்கியிருக்கிறது. இந்த ஜெல்லுக்கு ரத்தச் சர்க்கரையைவிடப் பழச்சர்க்கரைமேல் பிரியம் அதிகம். அவளுக்குத் தெரியாததில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரும் பழம் உரித்ததில்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவன் நடுக்கம் அவள் கைக்குத் தெரிந்தது. பேனாவை வீசிவிட்டு, ஒரு கரண்டி சர்க்கரையை அவன் வாயில் கொட்டினாள். பின்னாலேயே சுளைகள்.

"ஏன்டா சொல்லல? செத்திருப்பியே."

"நீ எவ்வளவு சந்தோஷமா ஓடி வந்தே..." என்றான், வாய் நிறைய ஆரஞ்சோடு.

அவள் அவன் தோளில் ஓர் அடி அடித்தாள். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

5

நடுக்கம் நின்றது. வில்லை மட்டும் பிடிவாதமாகச் சிவந்தே இருக்கிறது. அலமாரியிலிருந்து மெஷின் வந்துவிட்டது. அவள் பையில் இன்னொரு வில்லையும் இருக்கிறது. அவன் மற்ற கையை நீட்டுகிறான்.

"எது வேணா பண்ணு. இனிமே நடுங்கினா சொல்றேன்."

குத்துவதா, ஒட்டுவதா? என் பேனா இங்கே நிற்கிறது. அவன் கையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். எதைச் செய்தாலும், முதலில் அதைக் கழுவித் துடைத்துவிடுங்கள்.