பீரோவுக்குள்ளிருந்து மூன்று தடவை

ஊரைப் பயமுறுத்திப் பிழைக்கிறவனுக்கு அன்று காலை பத்தரை மணிக்கு, பளிச்சென்ற வெயிலில், பயம் பிடித்துக்கொண்டது. வெளியில் அவனை இயக்குநர் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அக்கா வீட்டுக்குள் வந்துவிட்டால் அவன் வெறும் தம்பிதான். பேட்டியை ஏதாவது காபிக் கடையில் வைத்துக்கொள்ளலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டான். பேட்டி எடுக்கும் பெண் கேட்கவில்லை. படம் எடுத்த வீட்டிலேயே பேசலாம் என்று நேராக அக்காவுக்கே போன் செய்துவிட்டாள். யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள் அக்கா.

ஆகவே மூவரும் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். சோபாவில் அக்கா, பக்கத்தில் அவன், எதிரே மடிக்கணினியோடு அந்தப் பெண். மூலையில் பச்சை இரும்பு பீரோ நின்றது. இப்போது அதற்குள் போர்வைகளும், அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைக் கோட்டும்தான். அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

"காசே இல்லாம பேய்ப்படம் எடுக்கிறது எப்படி சார்?" என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண்.

இந்தக் கேள்வி அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "காசு இல்லேன்னா பேயைக் காட்ட முடியாது, கதவை மட்டும்தான் காட்ட முடியும். பின்னால என்ன இருக்குன்னு பார்க்கிறவங்களே யோசிச்சுப் பயந்துக்குவாங்க. பாதி வேலையை அவங்க தலையில கட்டிடலாம்."

"நடுவுல சிரிக்கவும் வைக்கிறீங்களே?"

"சிரிக்கும்போது வாய் திறந்திருக்கும் இல்லையா? அந்த நேரம் பார்த்து பயத்தை உள்ளே போட்டுடணும். மாத்திரை மாதிரி."

"மாத்திரையைப் பத்தி யாரு பேசறது பாரு," என்றாள் அக்கா. "மூக்கைப் பிடிச்சாதான் வாயையே திறப்பான். பத்து வயசு வரைக்கும் அப்படித்தான்."

மூவரும் சிரித்தார்கள்.

படம் இதுதான். செத்துப்போன ஒரு வீட்டுக்காரம்மா, சுவரில் ஆணி அடித்த குடித்தனக்காரர்களைத் தேடித் தேடி வருகிறாள். கொல்வதற்கு முன்னால் குழாயை ஒழுங்காக மூடினாயா என்று விசாரிப்பாள். அந்த வேடத்தில் அக்கா. நடிகை கிடைக்காததால் மூன்று வாரம் லீவு போட்டு வந்து நடித்தாள். ஆனால் படத்தை இன்றுவரை பார்க்கவில்லை. பேய்ப்படம் என்றால் அவளுக்கு அலர்ஜி. திரையிட்ட அன்று தியேட்டர் வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டாள். அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் அவன் எட்டு மாதமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

காரணம், அந்த பீரோ காட்சி. வீட்டுக்காரம்மா எப்படிச் செத்தாள் என்பது அதில் வரும். குடித்தனக்காரனின் பீரோவுக்குள் தலையை விட்டுச் சோதனை போடும்போது அவன் அவளை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறான். உள்ளே இருந்தபடியே, "பீரோவைச் சுவத்தோட ஒட்டி வைக்காதே, சுண்ணாம்பு உரியும்!" என்று அதட்டுவாள். பிறகு அதட்டல் அலறலாகும். "காப்பாத்துங்க, கதவைத் திறங்க" எல்லாம் வசனத்திலேயே இருந்ததால், நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட வேறு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "உருண்டை" என்று வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதில் அக்கா அவனுக்கு வைத்த பெயர் அது. படப்பிடிப்பில் அதைச் சொல்லக் கூடாது, இயக்குநர் மானம் போய்விடும் என்று அவன் முதல் நாளே கெஞ்சியிருந்தான். அதனால் தப்பித் தவறிக்கூட அது காட்சிக்குள் வராது.

மூச்சு விட பீரோவின் பின்பக்கத் தகட்டில் ஓட்டைகள் போட்டிருந்தார்கள். சின்ன அறை. கேமராவையும் ஒலியையும் அவனே பார்த்துக்கொண்டான். டேக் போவதற்கு முன் கேமராவுக்குப் பின்னால் இன்னும் ஓரடி இடம் வேண்டும் என்று பீரோவை அவனே சுவரோடு ஒட்டித் தள்ளினான். ஓட்டைகள் அத்தனையும் அடைபட்டன. அது தெரியாமல் செய்த தப்பு. அதற்காக அவன் பயப்படவில்லை.

மைக் பீரோவுக்குள் இருந்தது. குடித்தனக்காரனாக நடித்த பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு வெளியில் வெறும் தடதடப்புதான் கேட்டது. ஹெட்போன் மாட்டியிருந்த அவன் காதில் மட்டும் தெளிவாக விழுந்தது. "உருண்டை!"

கட் சொல்ல வாயைத் திறந்தான். ஆனால் அப்படி ஒரு குரலை அவன் ஆயுசில் கேட்டதில்லை. யாரும் நடித்து வரவழைக்க முடியாத குரல். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனசு சொன்னது. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது பாதி வார்த்தைதான் வந்தது. அப்போதுதான் கட் சொன்னான்.

கதவைத் திறந்ததும் அக்கா சரிந்து விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன், "ஹெட்போன் ஒயர் கழண்டுடுச்சுக்கா, எதுவுமே கேக்கல," என்றான். தண்ணீர் குடித்து மூச்சு திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம் அவன் தலையைத் தடவியதுதான். "விடுடா. நீ என்ன பண்ணுவே?" என்றாள்.

"அந்த பீரோ சீனைப் பத்திப் பேசலாமா சார்?" என்றாள் பேட்டிக்காரப் பெண். "போட்டுப் பார்த்துட்டே பேசலாம்."

"அது எதுக்கு? அக்காவுக்கு இதெல்லாம் ஒத்துக்காது," என்றான் அவசரமாக.

"போடும்மா," என்றாள் அக்கா. "பட்டப்பகல்ல என்ன பயம்? நானே நடிச்சதை நானே பார்க்கலேன்னா எப்படி?"

மடிக்கணினி அக்கா பக்கம் திரும்பியது. சுண்ணாம்பு வசனத்துக்கு அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அலறல் தொடங்கியது. திடீரென்று ஒலி அறுந்து, பொட்டுச் சத்தம் இல்லாமல் ஒரு கணம். பிறகு மறுபடி அலறல். அந்த வார்த்தையை அவன் வெட்டி எடுத்த இடம் அது. வேறு எந்தச் சத்தத்தை வைத்து அடைத்தாலும் பொய்யாகத் தெரிந்ததால் அப்படியே வெறுமையாக விட்டிருந்தான். விமர்சகர்கள் அதைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாவது வெட்டு வந்தது. அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மூன்றாவது வெட்டிலும் அசைந்தன. சரியாக அந்த இடத்தில், அந்த வார்த்தை. அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

காட்சி முடிந்தது. அக்கா அவன் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"எடிட் பண்ணும்போதுதான் கேட்டியாடா? அதான் வெட்டி எடுத்துட்டியா? பாவம், தனியா உக்காந்து கேட்டிருப்பே. என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

தப்பிக்க வழியை அவளே திறந்து வைத்தாள். அவன் வேகவேகமாகத் தலையாட்டினான். "ஆமாக்கா. எடிட்லதான்." உயிர் திரும்பி வந்தது. வெட்கமும் கூடவே வந்தது, ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்துவிடலாம்.

"என்ன வெட்டினீங்க சார்?" என்று பேட்டிக்காரப் பெண் ஆர்வமாக நிமிர்ந்தாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு வார்த்தை."

"எடிட்லதான்னு சொல்றீங்க. போன மாசம் ஒரு இணைய இதழுக்கு வேற மாதிரி சொல்லியிருந்தீங்களே." அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். "இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் சார், அப்படியே எழுதி வச்சிருக்கேன். 'முதல் அலறல் ஹெட்போன்ல கேட்டதுமே இது நிஜம்னு தெரிஞ்சுபோச்சு. கட் சொல்ல மனசே வரல. என் கை தானா கேமராவை முன்னால கொண்டுபோச்சு. நல்ல பேய்ப்படம் எடுக்கணும்னா இரக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வரணும்.' செம வரி சார்!"

சொன்னவன் அவன்தான். கைதட்டலில் தலைகால் புரியாமல், யார் படிக்கப் போகிறார்கள் என்று உளறிவைத்தது. இப்போது மறுக்கலாம் என்று வாயைத் திறந்தான். குறிப்பேட்டில் இருந்த தன் வார்த்தைகளைப் பார்த்து மூடிக்கொண்டான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுவானா என்று காத்திருந்தாள்.

பேட்டிக்காரப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். "அக்கா, உங்களைக் கேக்கணும். பீரோவுக்குள்ள இருந்தப்போ நிஜமாவே பயமா இருந்துச்சா?"

அக்கா சோபாவில் மெல்ல நகர்ந்து, அவன் தோள் படாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. வெளில தம்பிதானே நிக்கிறான்னு இருந்தேன்," என்றாள். "இப்பதான் பயமா இருக்கு."

குடும்பமே பயத்தில் சிரிக்க வைக்கும் போலிருக்கிறது என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.